ஒரு டம்ளர் தண்ணீர்

பழச்சாறு ஆலையில், பாட்டில் கழுவிய தண்ணீரைச் சுத்தம்செய்து மறுபடியும் கழுவ அனுப்பும் தொட்டியருகே, ஆபரேட்டர் கையில் கண்ணாடி டம்ளரோடு நிற்கிறார். ஜன்னல் வெயில் தண்ணீருக்குள் புகுந்து அவர் சட்டையில் வெள்ளி வட்டமாக ஆடுகிறது. பார்வைக்குக் குற்றமில்லாத தண்ணீர். வடிகட்டியை மாற்றவேண்டிய கெடு தாண்டி மூன்று வாரமாகிறது என்பது அவருக்குத் தெரியும். பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் மேனேஜருக்கும் தெரியும். மேனேஜர் அவருடைய அக்கா புருஷன், இந்த வேலையை வாங்கிக்கொடுத்தவர். ஆலையைச் சுற்றிப்பார்க்க வந்த அம்மாளிடம் அவர் சொல்கிறார்: "ஒரு சொட்டு வீணாக்க மாட்டோம்மா. எங்க மச்சான் தினமும் இதைத்தான் குடிக்கிறார். குடிச்சுக் காட்டு மச்சான், என்னமோ கஷாயத்தைப் பாக்கிற மாதிரி பாக்கிற." பம்பு இரைகிறது. அம்மாள் கையை நீட்டுகிறார். "குடுங்க, நானே ஒரு வாய் குடிச்சுப் பாக்கிறேன்." ஆபரேட்டர் சட்டென்று அண்ணாந்து, நீட்டிய கைக்கு ஒரு சொட்டும் மிஞ்சாதபடி மடமடவென்று குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுகிறார். நாக்கில் சோப்புக் காரம் ஏறுகிறது. "ரொம்பத் தாகம் போலிருக்கு," என்று அம்மாள் சிரிக்கிறார். "பரவாயில்லை, எனக்கு இன்னொண்ணு பிடிங்க." மேனேஜரின் சிரிப்பு அப்படியே இருக்கிறது, குரல் மட்டும் இறங்கிவிட்டது. "பிடிச்சுக் குடு மச்சான்." முழங்கையருகே குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறது. டம்ளர் இன்னும் கவிழ்ந்தபடியே இருக்கிறது.