உனக்கு என்ன போடுகிறார்?

கல் வண்டி இழுத்த இரண்டு காளைகளில் செவலைக்கு வெறும் வைக்கோல்தான். "உனக்கு என்ன போடுகிறார்?" என்று அது ஒருநாள் மயிலையிடம் கேட்டது.

மயிலை தயங்கியது. "பருத்திக்கொட்டை. உன்னிடம் சொல்லக் கூடாது என்றார் முதலாளி."

மறுநாள் செவலை தனக்கும் பருத்திக்கொட்டை வேண்டுமென்று நுகத்துக்குக் கழுத்தைக் கொடுக்காமல் நின்றது. முதலாளி கோபப்படவில்லை. மயிலைக்கும் வைக்கோலையே போட்டு, "இப்போது இரண்டு பேரும் சமம்" என்றார்.

அதன்பின் மயிலை செவலையோடு பேசவில்லை. ஒரு மேட்டில் வேண்டுமென்றே தோளைத் தளர்த்தியது. முழுப் பாரமும் செவலைமேல் இறங்கி, அதன் கால் முறிந்தது.

அடிமாட்டு லாரியில் ஏற்றும்போது செவலை திரும்பிப் பார்த்தது. "உன்னுடையதைப் பிடுங்கச் சொல்லி நான் கேட்கவில்லையே, மயிலை. எனக்கும் போடச் சொல்லித்தானே கேட்டேன்."

முதலாளி மயிலையின் முதுகைத் தட்டிக்கொடுத்து ஒரு பிடி பருத்திக்கொட்டையை நீட்டினார். அது தின்றது.