மத்ததைக் கேமரா பாத்துக்கும்

“புதுசா பழகுறவங்களுக்கு எந்த டிஎஸ்எல்ஆருங்க நல்லது?” என்று கேட்டார் கடைக்கு வந்த நடுவயதுக்காரர்.

மறுநாள் முதல் பத்து நாள் லீவு. போகும்போது ஒரு கேமராவை விற்றுவிட்டுப் போனால் முதலாளி முகம் சுளிக்கமாட்டார் என்று விற்பனையாளன் வளவன் சுறுசுறுப்பானான்.

“இதை எடுத்துக்குங்க. ஆட்டோ மோடுல வச்சு பட்டனை அமுக்கினா போதும், மத்ததைக் கேமரா பாத்துக்கும்.”

அவர் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே கண்ணில் வைத்துப் பார்த்தார். “கல்யாணத்துக்கு எடுக்கலாங்களா?”

“தாராளமா!”

“படம் இருட்டா விழுந்துட்டா?”

“மண்டபத்துல லைட்டு சரியில்லைன்னு சொல்லிடுங்க. அதுக்காக மறுபடியும் தாலி கட்டவா போறாங்க? கல்யாண வீட்டுக்காரங்களுக்கு என்னங்க தெரியும்!”

அவர் முகம் தெளிந்தது. “ஞாயித்துக்கிழமை ஸ்ரீரங்கத்துல முதல் ஆர்டருங்க. பதினஞ்சு வருஷ அனுபவம்னு பொண்ணோட அப்பாகிட்ட அடிச்சு விட்டுட்டேன். மாப்பிள்ளைக்கு ஏதோ கேமரா கடையில வேலையாம், அதான் உதறலா இருந்துச்சு.”

‘போட்டோவை எங்ககிட்ட விடுங்க மாப்பிள்ளை, பதினஞ்சு வருஷ அனுபவசாலியைப் பிடிச்சிருக்கேன்’ என்று வருங்கால மாமனார் போனில் மார்தட்டியது வளவன் காதில் மறுபடி ஒலித்தது.

“உட்காருங்க சார்,” என்றான் ஈனசுரத்தில். “முதல்ல அந்த மூடியைக் கழட்டுங்க.”