ஒரு கையும் ரெண்டு கணுவும்

“பொண்ணுக்கு என்ன வயசு ஆவுது? பதினாலு ஆவாம கல்யாணம் பண்ணா வெள்ளைக்காரன் போட்ட புதுச் சட்டத்துல பிடிச்சுக்கினு போறாங்களாமே” என்று கேட்டாள் கங்கையம்மாள். மகனுக்குப் பெண் பார்க்கக் காஞ்சிபுரத்திலிருந்து முசரவாக்கம் வந்திருந்தாள்.

“தை பொறந்தா ஒரு கணு தள்ளுவேம்மா. ஒரு கை முடிஞ்சு, மேல ரெண்டு கணு ஆயிருச்சு” என்றாள் பெண்ணின் தாய் வடிவு.

கங்கையம்மாளும் அப்படித்தான் எண்ணுவாள். கட்டைவிரலால் மற்ற நாலு விரல்களின் கணுக்களைத் தொட்டு வந்தால் ஒரு கைக்குப் பன்னிரண்டு. மேலே இரண்டு. பதினாலு!

“அப்புறம் என்ன? தட்டு மாத்திக்கலாம்” என்றார் கங்கையம்மாளுடன் வந்திருந்த அவள் கணவர் துரைக்கண்ணு.

முந்தானைக்குள் இருந்த வலது கையை வெளியே எடுத்து, வடிவு வெற்றிலைத் தட்டை நீட்டினாள். கங்கையம்மாள் வாங்கவில்லை.

“சுண்டுவிரல் எங்கம்மா?”

“சின்ன வயசுல கரும்பு ஆலையில நசுங்கிப் போச்சும்மா.” வடிவு கூசிப்போனாள். “அதுக்காக வேணாம்னு சொல்லிடாதீங்க.”

“பொண்ணு வயசை எந்தக் கையில எண்ணினே?”

“இந்தக் கையிலதாம்மா.”

கங்கையம்மாள் அந்தக் கையைப் பிடித்து, கட்டைவிரல் போக மிச்சமிருந்த மூன்று விரல்களின் கணுக்களை எண்ணினாள். ஒன்பது. மேலே இரண்டு.

புடவை தடுக்கக் கதவோரம் நின்ற பெண் பூங்காவனத்தை இப்போதுதான் அவள் நன்றாகப் பார்த்தாள்.

“பொண்ணு எங்க வீட்டுக்குத்தான், வடிவு. ஆனா உன் கையில இல்லாத அந்த விரலுக்கு மூணு கணு பாக்கி இருக்குது. அந்த மூணு தையும் அவ உங்கிட்டயே விளையாடட்டும்.”