பளபளக்கும் முளைக்குச்சி

தச்சர், இரண்டு பலகைகள் பல்லோடு பல் கோத்த பெட்டி மூலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். முதல் பல் கச்சிதமாகக் கவ்வியிருக்கிறது. கீழே போகப் போக விலகி, பன்னிரண்டாவது பல்லின் இடுக்கில் நகமே நுழைகிறது. இனி இப்படி ஆகக்கூடாதென்றுதான் போன தடவைக்குப் பிறகு இரண்டு நாள் மெனக்கெட்டு, பற்களுக்கு இடையே பள்ளம் வெட்ட ஓர் அளவுக்கட்டையைச் செய்தார். வெட்டிய பள்ளத்தை அதன் முளைக்குச்சியில் மாட்டித்தான் அடுத்த பள்ளத்தை வெட்டவேண்டும். குச்சி மயிரிழை மெலிந்தாலும் போச்சு, பல்லுக்குப் பல் பிசகு கூடிக்கொண்டே போகும். இப்போது அது பளபளவென்று இருக்கிறது. “இதத் தொட்டியா?” “சொரசொரன்னு அசிங்கமா இருந்துச்சு மாமா. உப்புத்தாள் போட்டுத் தேச்சேன்,” என்கிறான் மனைவியின் தம்பி, பெருமையாக. அந்தக் குச்சியை வைத்தே முப்பது பெட்டிக்கும் பலகையில் பல் வெட்டியாகிவிட்டது. வெளியே ஏற்றிப்போக வந்த வண்டி ஹாரன் அடிக்கிறது. அவன் அசராமல் மரத்தூளைப் பசையில் குழைத்துக் கட்டைவிரலால் இடுக்கில் அப்புகிறான். சளி மாதிரி நூல் இழுக்கிறது, புளித்த வாடை. தச்சர் “என்ன கருமம்டா இது!” என்று பெட்டியைப் பிடுங்குகிறார், அவர் விரலிலும் ஒட்டிக்கொள்கிறது. “காஞ்சா யாருக்குத் தெரியும்? போன தடவ நீங்க அப்பினதுதானே மாமா?” அவர் விரலைச் சுவரில் தேய்க்கிறார். அங்கே ஏற்கெனவே அவர் விரல் அகலத்தில் பத்துப் பதினைந்து பசைத் தீற்றல்கள் காய்ந்து கிடக்கின்றன.