தலையணைக்கு இடம்

பின்னேர வெயில் முற்றத்துச் சைக்கிளின் மணியில் பட்டு மினுங்குகிறது. பருத்தித்துறைப் பக்கம் கோயில் வீதியில் மூன்று நாள் மேளச் சமா, நாதசுரமும் தவிலுமாய்க் கச்சேரி. புருசனும் பெண்சாதியும் தார்ப்பாய்ப் படங்கு கட்டி அங்கேயே தங்கிக் கேட்கப்போகிறார்கள். கனகாம்பிகை தட்டைவடைப் பேணியையும் தேங்காயெண்ணெய் விளக்கையும் பைக்குள் அடுக்குகிறாள். புருசன் தியாகலிங்கம் சில்லுக்குக் காற்றடிக்கிறார். இளைப்பாறும்போதெல்லாம் அவர் விரல்கள் சைக்கிள் சீற்றில் தவில் வாசிக்கின்றன. செம்புக்கு இடம் பார்த்துப் பைக்குள் கைவிட்டவளுக்குப் பொலித்தீனில் சுற்றிய கட்டு ஒன்று தட்டுப்படுகிறது. காணி உறுதிப் பத்திரமும் பிறப்புப் பத்திரங்களும். எப்போது வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஷெல்லடிக்குப் பயந்து வீட்டைவிட்டு ஓடிய இரண்டு தரமும் முதலில் பைக்குள் போனது இதுதான், கை பழகிவிட்டது. கட்டைச் சற்று நேரம் பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோய்ப் பெட்டகத்தில் பூட்டுகிறாள். திரும்பி வரும்போது கக்கத்தில் ஒரு தலையணை.

"உதேனப்பா? கரியரிலை இடமில்லை."

"இருக்கு. உறுதியை வீட்டிலை வைச்சிட்டன்."

காற்றடிக்கும் சத்தம் நின்றுவிடுகிறது. "உறுதியை விட்டிட்டோ போறது?"

"நாங்கள் என்ன ஓடியோ போறம்? மேளம் கேக்கவெல்லோ போறம். செவ்வாய்க்கிழமை வீட்டை வந்து நிப்பம்."

அவர் அவளையும் தலையணையையும் மாறி மாறிப் பார்க்கிறார். பிறகு கரியர் கயிற்றை அவிழ்த்து, தலையணையைப் பைக்கு மேலே வைத்து இறுக்கிக் கட்டுகிறார். கட்டு அசைகிறதா என்று ஒரு தரம் அழுத்திப் பார்த்த கை அங்கேயே நின்று, சீற்றில் விட்ட இடத்திலிருந்து தாளத்தைத் தலையணையில் தொடர்கிறது.