எட்டுத் தட்டு

அவர்கள் வாசிக்கவிருந்த அமெரிக்க ஆபராவை, அந்த இசை நாடகத்தை, எழுதியவர் உயிரோடு இருந்தவரை எந்த மேடையும் அதை ஏற்கவில்லை. ராக்டைம் என்ற அந்நாட்டுக் கறுப்பின இசையின் துள்ளலில் எழுதப்பட்ட பியானோ பிரதி மட்டும் மிஞ்சியது. அதன் இறுதி நடனத்தின் நடுவே எட்டுத் தாளத் தட்டுகளுக்கு ஒரு சுரம்கூட இல்லை.

"அச்சுப் பிழைம்மா, வெட்டிடலாம்" என்றார் இசைக்குழுவை நடத்தும் எட்வின். "நமக்குக் கிடைச்சிருக்கிறது கர்நாடகக் கச்சேரி நடக்கிற சபா. சத்தம் நின்னா எல்லாரும் கேன்டீனுக்குப் போயிடுவாங்க."

"வேணும்னுதான் விட்டிருக்கார் சார்" என்றாள் பியானோ வாசிக்கும் பெனிட்டா.

"இன்னைக்கு வாசி. ஒருத்தர் எழுந்து போனாலும் நாளைக்கு அந்த இடைவெளி கிடையாது."

மாலையில் அந்த இடம் வந்தது. அவள் பியானோவிலிருந்து கைகளை உயர்த்தினாள். முன்வரிசையில் யாரோ அசைந்தார்கள். அவள் கண்களை மூடிக்கொண்டாள். அப்போது ஓர் உள்ளங்கை தொடையில் விழும் ஓசை கேட்டது. பிறகு இன்னொன்று. கச்சேரியில் பாடகர் நிறுத்தினாலும் தாளத்தை விடாத பழக்கத்தில், அரங்கம் முழுவதும் பிசகாமல் தட்டிக்கொண்டிருந்தது.

எட்டும் முடிந்தது; அரங்கத்தின் தாளம் நிற்கவில்லை. பெனிட்டா கண்களைத் திறந்தாள். அடுத்த சுரத்துக்குக் கைகாட்டாமல் எட்வினின் நடத்துகோல் மேலேயே நின்றது. அவளும் கைகளை இறக்கவில்லை.