அடி தட்டாத கார்

மெக்கானிக் கடையின் தகரக் கூரையில் மாலை வெயில் இன்னும் காய்கிறது. ஏகாம்பரத்தின் பழைய கார் ஜாக்கியிலிருந்து மெல்ல இறங்குகிறது. கழற்றிப்போட்ட பழைய பின்சக்கர ஸ்பிரிங்குகள் துருவேறி, குறுகி, எண்ணெய் படிந்த தரையில் கிடக்கின்றன. மெக்கானிக் சம்பந்தம் டிக்கியை இரு கையாலும் அழுத்துகிறார். கார் அமுங்கி உடனே எழுகிறது. "இனிமே அடி தட்டாதுபா. அண்ணியக் கூட்டிக்கினு கிளம்பு." முதுகுத்தண்டு ஆபரேஷன் ஆனதிலிருந்து, வேகத்தடையில் காரின் அடிப்பக்கம் இடிக்கும்போதெல்லாம் அவன் மனைவி புவனேஸ்வரி அலறிவிடுவாள். இப்போதும் பின்சீட்டில் தலையணையை இறுக்கிக்கொண்டு, "மெதுவா போங்க" என்கிறாள். ஆஸ்பத்திரிக்கு அலைந்து அலைந்து இருவர் முகமும் கறுத்துக் கிடக்கிறது. முதல் வேகத்தடையில் ஏகாம்பரம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறான். முன்சக்கரம் ஏறி இறங்குகிறது, பின்சக்கரமும் இறங்குகிறது. சத்தமே இல்லை. "தட்டலையே!" என்கிறாள் அவள், நம்பமுடியாமல். செவிலிமேடு நெருங்கும்போது இன்னொரு வேகத்தடை. "வலிச்சுதாம்மா?" கண்ணாடியில் பார்க்கிறான். வாய் லேசாகத் திறந்திருக்க, ஜன்னலோரம் சாய்ந்து அவள் தூங்குகிறாள். எத்தனையோ ராத்திரிகளாக வராத தூக்கம். வீட்டுத் தெரு வருகிறது. அவனுக்கும் கண் எரிகிறது. ஆனாலும் வண்டியைத் திருப்பாமல், பாலாற்றுப் பாலத்தை நோக்கி நேராக ஓட்டிக்கொண்டே போகிறான்.